தாழ்மையும் நீதியும்: வீட்டில் கற்றுக்கொடுக்க ஒரு பன்னிரண்டு வார வழிகாட்டி

வீட்டில் தாழ்மையைப் பற்றி யார் யாருக்குச் சொல்கிறார்கள் என்று ஒரு வாரம் கவனித்துப் பாருங்கள். மாமியார் மருமகளுக்குச் சொல்வார். அண்ணன் தங்கைக்குச் சொல்வான். நிலத்துக்காரர் கூலியாளுக்குச் சொல்வார். எப்போதும் மேலே இருப்பவர் கீழே இருப்பவருக்குத்தான். யோவான் 13-ல் நடப்பதோ தலைகீழ். போதகரான இயேசு எழுந்து, மேலாடையைக் கழற்றி வைத்து, துண்டைக் கட்டிக்கொண்டு சீஷர்களின் கால்களைக் கழுவுகிறார். ஆகவே இந்த வழிகாட்டியில் எந்தப் பயிற்சியானாலும் வீட்டில் பெரியவர்தான் முதலில் செய்ய வேண்டும். அதற்கு மனமில்லாவிட்டால் பன்னிரண்டு வாரமும் வீண். பிள்ளைகள் வசனத்தை மறந்துவிடுவார்கள், அப்பா உட்கார்ந்த இடத்தை மறக்க மாட்டார்கள்.

முதலில் வார்த்தைகள்

"நீதி" என்றதும் பிள்ளைகளுக்கு கோர்ட்டும் வக்கீலும்தான் ஞாபகம் வரும். வேதத்தில் வரும் நீதி அதைவிட அகலமானது. கடவுளோடும் மனிதரோடும் உறவைக் கோணாமல் வைத்திருப்பது அது. மத்தேயு 6:33-ல் பழைய மொழிபெயர்ப்பு "அவருடைய நீதி" என்று சொல்லும் இடத்தில், 1995-ல் வந்த பொது மொழிபெயர்ப்பு "அவருக்கு ஏற்புடையவை" என்கிறது. இரண்டையும் பக்கத்தில் வைத்து வாசித்தால் பெரியவர்களுக்கே ஒரு கதவு திறக்கும். சின்னப் பிள்ளைகளுக்கு ஒரே வரி போதும்: "சொன்ன அளவும் கொடுத்த அளவும் ஒன்றாக இருப்பது."

தாழ்மையைக் கத்தோலிக்க வீடுகளில் "தாழ்ச்சி" என்பார்கள். இரண்டும் ஒன்றுதான். நம் ஊர்ப் பேச்சில் "அடக்கமா இரு" என்று சொல்வதோடு மட்டும் இதைச் சேர்த்துவிடாதீர்கள். அடக்கம் வாயைப் பற்றியது. தாழ்மை, என் இடம் எது, உன் இடம் எது என்ற கணக்கை விட்டுவிடுவதைப் பற்றியது.

சபை வேறுபாடு இதற்குத் தடையில்லை. தருமபுரி, கிருஷ்ணகிரி இரண்டு மாவட்டமும் 1997-ல் உருவான தருமபுரி மறைமாவட்டத்தில் வருகின்றன. அந்த ஆலயப் பங்குகளில், அக்கம்பக்கத்து வீடுகள் சேர்ந்து ஜெபிக்கும் அன்பியக் கூட்டத்தோடு இதைச் சேர்க்கலாம். கிருஷ்ணகிரியில் 1890-களில் மிசௌரி லூத்தரன் மிஷன் வேலை தொடங்கியது. அந்த மரபில் வந்தவர்கள் கையில் லூத்தரின் சிறிய ஞானோபதேசம் இருக்கும். 1529-ல் வந்த அந்தச் சிறு நூல், வீட்டுத் தலைவர் தன் வீட்டாருக்கு எளிமையாகச் சொல்லிக்கொடுக்க எழுதப்பட்டது. "களவு செய்யாதே" என்பதற்கு அதிலுள்ள விளக்கம் நம் சந்தைக்கென்றே எழுதியது போல இருக்கும்: பிறர் பணத்தை எடுக்கவும் கூடாது, போலிச் சரக்கால் பறிக்கவும் கூடாது, அவர் உடைமையும் பிழைப்பும் பெருக உதவவும் வேண்டும். லூத்தரன், கத்தோலிக்க எண்ணிக்கையில் அது ஏழாம் கட்டளை, சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) எண்ணிக்கையில் எட்டாம் கட்டளை. வெவ்வேறு சபையிலிருந்து வந்த கணவன் மனைவி இதை முன்கூட்டியே பேசி வைத்துக்கொண்டால் பிள்ளைகள் முன்னால் எண்ணுக்குச் சண்டை வராது.

படி 1: நேரம்

வாரத்தில் நான்கு இரவு, ஒவ்வொன்றும் 15 நிமிடம். ஏழு நாளும் என்று தொடங்குகிற வீடுகள் பெரும்பாலும் மூன்றாவது வாரத்தில் நின்றுவிடும். பாட்டு 2 நிமிடம், வாசிப்பு 4, கேள்வி 5, அமைதி 1, ஜெபம் 3. அந்த ஒரு நிமிட அமைதியைத்தான் எல்லோரும் முதலில் வெட்டுவார்கள். வெட்டாதீர்கள். அதில்தான் ஒரு பிள்ளைக்குத் தான் செய்த தப்பு ஞாபகம் வரும்.

களி கிண்டுகிற நேரத்தில் ஜெபம் வைத்தால் அம்மா அடுப்படியிலிருந்தே "ஆமென்" சொல்ல வேண்டியதுதான். சாப்பாடு முடிந்து, அவரவர் தட்டை அவரவர் கழுவி வைத்துவிட்டுப் பாயில் உட்காருங்கள். அப்பாவும் மகனும் உட்பட. பல வீடுகளில் இந்த ஒரு மாற்றத்துக்கே இரண்டு வாரம் ஆகும். பரவாயில்லை, அதுவும் பாடத்தில் சேர்ந்ததுதான்.

ஓசூரில் ஷிப்ட் வேலைக்குப் போகிறவர் வீட்டில் கிழமையை நிலையாக வைக்காதீர்கள். ஞாயிறு அன்றே அந்த வாரத்து ஷிப்ட் பார்த்து நான்கு நாளைக் குறித்துக்கொள்ளுங்கள். அப்பா பெங்களூரில் வேலை பார்த்துச் சனிக்கிழமை இரவுதான் வருவார் என்றால், மூன்று நாள் அம்மா நடத்தட்டும், நான்காவது நாள் சனி. வந்ததும் வராததுமாக அவர் பிரசங்கம் செய்ய ஆரம்பிப்பதுதான் வழக்கமான தவறு. அன்றைக்கு அவர் கேட்டால் போதும்: "இந்த வாரம் என்ன படிச்சீங்க? எனக்குச் சொல்லுங்க."

வீட்டில் தெலுங்கோ கன்னடமோ பேசிவிட்டு ஆலயத்தில் தமிழில் ஜெபிக்கும் குடும்பங்கள் கிருஷ்ணகிரிப் பக்கம் நிறைய. வாசிப்பு தமிழில் இருக்கட்டும். ஜெபத்தை மட்டும் பிள்ளை எந்த மொழியில் அம்மாவிடம் அழுமோ அந்த மொழியில் செய்யட்டும்.

படி 2: பிள்ளைகளுக்குத் தெரியாமல் ஒரு வாரம்

தொடங்குவதற்கு முந்தின வாரம் கணவனும் மனைவியும் ஒரு மணி நேரம் தனியாக உட்கார வேண்டும். 40 பக்க நோட்டு ஒன்று வாங்கி மூன்று கட்டம் போடுங்கள்: யாருக்கு, என்ன, எந்தத் தேதிக்குள். நீங்கள் திருப்பித் தர வேண்டியதை எழுதுங்கள். கைமாற்றாக வாங்கிய 500 ரூபாய், இரவல் வாங்கிய கடப்பாரை, பக்கத்து நிலத்துக்காரர் வரப்பில் நகர்ந்துபோன அரை அடி, கேட்காமல் விட்ட ஒரு மன்னிப்பு.

தொடக்கத்தில் மூன்றே வரி போதும். பத்து எழுதினால் ஒன்றும் நடக்காது. அந்த மூன்றில் ஒன்று இந்த வாரத்திலேயே முடியக்கூடியதாக இருக்கட்டும்.

படி 3: நான்கு வாரம் நீதி

தாழ்மையை ஏன் முதலில் வைக்கவில்லை? நீதி இல்லாத வீட்டில் தாழ்மையைச் சொன்னால், பலவீனமானவர் இன்னும் குனிவார், அவ்வளவுதான். அதோடு, ஆறு வயதுப் பிள்ளைக்கே "அவனுக்கு மட்டும் பெரிசு" என்று அளக்கத் தெரியும். இருக்கிற அறிவிலிருந்து தொடங்குவது சுலபம்.

முதல் வாரம் தராசு. நீதிமொழிகள் 11:1: "கள்ளத்தராசு கர்த்தருக்கு அருவருப்பானது." கூடவே லேவியராகமம் 19:35, 36. வசனத்தைப் படித்துவிட்டு உங்கள் வீட்டுத் தொழிலுக்கு வாருங்கள். புளி வீடு என்றால், ஓடு தட்டி, கொட்டை எடுத்து, நார் உரித்த புளி ஒரு கிலோவைப் பிள்ளைகள் கையாலேயே நிறுக்கச் சொல்லுங்கள். பிறகு அதில் ஒரு கைப்பிடி கொட்டையைக் கலந்து, லேசாகத் தண்ணீர் தெளித்து, மறுபடி நிறுக்கட்டும். ஏறின எடையைக் காட்டி, "இந்த எடைக்கு யார் காசு கொடுக்கிறாங்க?" என்று கேட்டுவிட்டு நிறுத்திக்கொள்ளுங்கள். பதிலை நீங்கள் சொல்லக் கூடாது. தக்காளி போடுகிறவர்கள், கூடையின் மேலடுக்கில் நல்ல பழமும் அடியில் சொத்தையும் எப்படி வருகிறது என்று காட்டலாம். மாடு வைத்திருப்பவர்களுக்குப் பால் இருக்கிறது. சொசைட்டியில் தண்ணீர் கலந்தால் லாக்டோமீட்டர் காட்டிக்கொடுத்துவிடும், வீட்டுக்கு வீடு ஊற்றுகிற பாலுக்கு எந்தக் கருவியும் இல்லை. அந்த இரண்டாவது பால்தான் பாடம்.

தொழில் எதுவும் இல்லாத வீட்டுக்கு பஸ் டிக்கெட். அரசு பஸ்ஸில் ஐந்து வயது வரை டிக்கெட் இல்லை. ஆறு வயதுப் பையனிடம் "கண்டக்டர் கேட்டா அஞ்சுன்னு சொல்லு" என்று சொல்லிக்கொடுக்காத பெற்றோர் குறைவு. மிச்சமான அரை டிக்கெட் காசுக்குப் பிள்ளை கற்றுக்கொள்வது பொய் மட்டுமல்ல, "அம்மா சொன்னால் பொய் சொல்லலாம்" என்பதையும் சேர்த்துத்தான்.

இரண்டாம் வாரம் கூலி. உபாகமம் 24:14, 15, யாக்கோபு 5:4. பொழுது இறங்குமுன் கூலி கொடுக்கச் சொல்கிறது மோசேயின் சட்டம். உங்கள் வீட்டில் கூலி எப்போது போகிறது? "சனிக்கிழமை சந்தைக்குப் போயிட்டு வந்து தர்றேன்" என்று எத்தனை சனிக்கிழமை ஆயிற்று? ஆட்களை வைத்து வேலை வாங்குகிறவர்கள் அந்த வாரம் கூலியைப் பிள்ளை கையில் கொடுத்து, பெயரைச் சொல்லி, இரண்டு கையாலும் கொடுக்கச் சொல்லுங்கள். வேலை செய்பவர் வயதில் பெரியவர் என்றால் "நீங்க" என்றும் "அண்ணா", "அக்கா" என்றும் கூப்பிடப் பழகட்டும். தாத்தா வயதுக்காரரைப் பெயர் சொல்லி "வாடா போடா" என்று பத்து வயதுப் பையன் கூப்பிடுவது இன்னும் சில வீடுகளில் தொடர்கிறது. அதைத் திருத்தாமல் வசனம் படித்துப் பயனில்லை. நீங்களே கூலிக்குப் போகிறவர்கள் என்றால் கேள்வியைத் திருப்புங்கள்: பிடித்து வைத்த கூலியைக் கேட்பது தாழ்மைக்கு விரோதமா? இல்லை என்று யாக்கோபு நிருபம் தெளிவாகச் சொல்கிறது. அந்தக் கூக்குரல் கர்த்தரின் செவிக்கு எட்டுகிறது.

மூன்றாம் வாரம் சொன்ன சொல். சங்கீதம் 15 முழுவதும், ஐந்தே வசனம். அதன் நான்காம் வசனத்தில், ஆணையிட்டதில் தனக்கு நஷ்டம் வந்தாலும் தவறாதவன் வருகிறான். மாந்தோப்பு வைத்திருப்பவர்களுக்கு விளக்கமே தேவையில்லை. பூ விடும்போது ஒருவரிடம் முன்பணம் வாங்கியாயிற்று, காய் முற்றும்போது இன்னொருவர் அதிக விலை சொல்கிறார். என்ன செய்வது? பன்னிரண்டு வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகளை இரண்டு பக்கமும் பேசவிடுங்கள். அதே சங்கீதத்தின் ஐந்தாம் வசனம் வட்டியைப் பற்றியது. வட்டிக்கு விடுகிற வீட்டில் அன்று கொஞ்சம் அமைதி நிலவும். அந்த அமைதியைக் கலைக்க வேண்டாம்.

நான்காம் வாரம் வரி வசூலிப்பவர்களின் தலைவன் சகேயு, லூக்கா 19:1-10. காட்டத்தி மரத்தில் ஏறியதைப் பிள்ளைகள் விரும்பிக் கேட்பார்கள், ஆனால் கதையின் எடை எட்டாம் வசனத்தில் இருக்கிறது: அநியாயமாய் வாங்கியதை நாலத்தனையாக (நான்கு மடங்காக) திரும்பச் செலுத்துகிறேன். இங்கே கணக்குப் போட்டுக் காட்டுங்கள். தானே ஒப்புக்கொண்டு திருப்புகிறவன் முதலோடு ஐந்தில் ஒரு பங்கு சேர்த்தால் போதும் என்கிறது லேவியராகமம் 6:5. 500 ரூபாய்க்கு 600. திருடிய ஆட்டை அடித்தோ விற்றோ விட்டவன்தான் நான்கு ஆடு கொடுக்க வேண்டும் (யாத்திராகமம் 22:1). 500-க்கு 2000. சகேயு தனக்குச் சலுகை கணக்கைப் பார்க்கவில்லை, திருடனுக்குரிய கணக்கைத் தானே எடுத்துக்கொண்டான். நீதியும் தாழ்மையும் ஒரே ஆளிடம் சந்திக்கிற இடம் இது. அன்றிரவு உங்கள் நோட்டைப் பிள்ளைகளுக்குக் காட்டி, முடித்த வரியை அவர்கள் முன்னால் அடியுங்கள். அவர்களுக்கும் ஒரு பக்கம் ஒதுக்குங்கள். பென்சில், ரப்பர், தங்கையின் பொம்மை என்று எழுதுவார்கள். சிரிக்காதீர்கள்.

படி 4: நான்கு வாரம் தாழ்மை

ஐந்தாம் வாரம் பரிசேயனும் (சட்டத்தை இம்மி பிசகாமல் கைக்கொள்பவன்) ஆயக்காரனும் (வரி வசூலிப்பவன்), லூக்கா 18:9-14. பரிசேயனின் ஜெபத்தை நம் ஊருக்கு மாற்றி எழுதச் சொல்லுங்கள். "ஆண்டவரே, பக்கத்து வீட்டுக்காரர் மாதிரி நான் குடிப்பதில்லை, ஞாயிறு தவறுவதில்லை, தசமபாகம் சரியாகக் கொடுக்கிறேன்..." பிள்ளைகள் அச்சு அசலாக எழுதிவிடுவார்கள், சில சமயம் ஆள் யார் என்றே தெரியும். இதில் ஒரு பொறி இருக்கிறது. கதை முடிந்ததும் "நல்லவேளை, நாம அந்தப் பரிசேயன் மாதிரி இல்லை" என்று யாராவது சொல்வார்கள். சொன்ன வார்த்தையை அவர்களையே மறுபடி வாசிக்கச் சொன்னால் போதும்.

ஆறாம் வாரம் கால் கழுவுதல். ஒரு அகலமான பேசின், வெதுவெதுப்பான தண்ணீர் ஒரு சின்னக் குடம், ஒரு செம்பு, துவைத்த துண்டு இரண்டு. யோவான் 13:1-17-ஐ ஒருவர் மெதுவாக வாசிக்கட்டும். வீட்டில் மூத்தவர் கீழே உட்கார்ந்து, கடைக்குட்டியின் காலில் தொடங்கவேண்டும். ஒரு கால், ஒரு செம்பு தண்ணீர், கையால் தேய்த்து, துண்டால் ஒற்றி எடுக்க வேண்டும். வயலில் இருந்து வந்தவரின் வெடித்த குதிகாலை அவசரமாகத் தொட்டுவிட்டு எடுத்தால் அது சடங்கு. இடுக்கில் இருக்கிற மண் போகும்வரை கழுவினால்தான் பிள்ளைக்குப் புரியும். மாமனார், மருமகள் என்று முறைப்படி கூச்சப்படுகிறவர்களைக் கட்டாயப்படுத்த வேண்டாம். பேதுருவும் முதலில் மறுத்தவன்தான். அப்படிப்பட்ட வீட்டில் மாமனார் அன்று இரவு எல்லோருடைய தட்டையும் கழுவட்டும்.

ஒரே ஒரு கண்டிப்பு: போட்டோ எடுக்காதீர்கள். ஸ்டேட்டஸில் போட்ட நிமிடமே அது வேறொன்றாகிவிடும்.

ஏழாம் வாரம்தான் கடினம். லூக்கா 14:7-11-ல் விருந்தில் முதல் இடம் தேடுகிறவர்கள், யாக்கோபு 2:1-4-ல் பொன் மோதிரக்காரருக்கு நல்ல ஆசனமும் ஏழைக்குக் காலடியும். கல்யாண வீட்டில் முன்வரிசை நாற்காலி, பந்தியில் முதல் இலை என்று பேச நிறைய உண்டு. ஆனால் அங்கேயே நின்றுவிடாதீர்கள். ஜாதிக்கு வாருங்கள். தனி டம்ளர் இப்போது எங்கள் வீட்டில் இல்லை என்பார்கள். சரி, விருந்தாளிக்கு எவர்சில்வர் டம்ளரில் காபி வருகிறது, வேலைக்கு வந்தவருக்கு மட்டும் ஏன் பேப்பர் கப்பில் வருகிறது? பிள்ளைகள் இதைக் கவனித்து வைத்திருப்பார்கள், கேட்டால் சொல்வார்கள். அந்த வாரம் எல்லோருக்கும் ஒரே டம்ளர் என்று தொடங்குங்கள். பெரியவர்கள் இதில் முகம் சுளித்தால் வாக்குவாதம் வேண்டாம், டம்ளரை மட்டும் மாற்றிவிடுங்கள்.

எட்டாம் வாரம் பிலிப்பியர் 2:3-8. சுருக்கமாக முடிக்கலாம், ஏழாம் வாரத்துக்குப் பிறகு எல்லோரும் களைத்திருப்பார்கள். மூன்றாம் வசனத்தை மனப்பாடம் செய்யுங்கள்.

படி 5: கடைசி நான்கு வாரம்

மீகா 6:8-ஐ மூன்று துண்டாக்குங்கள்: நியாயம் செய்வது, இரக்கத்தைச் சிநேகிப்பது, தேவனுக்கு முன்பாக மனத்தாழ்மையாய் நடப்பது. வாரத்துக்கு ஒன்று. சிலேட்டில் முழு வசனத்தையும் எழுதி, ஒவ்வொரு இரவும் இரண்டு வார்த்தையை அழித்துக்கொண்டே வந்தால் ஏழு வயதுப் பிள்ளைக்கும் தங்கிவிடும். பன்னிரண்டாம் வாரம் மத்தேயு 20:1-16, திராட்சத்தோட்டத்து வேலையாட்கள். கடைசியில் வந்தவனுக்கும் அதே கூலியா என்று பிள்ளைகள் கொதிப்பார்கள். முதல் மாதம் நீங்கள் கற்றுக்கொடுத்த நீதி வேலை செய்கிறது என்று அர்த்தம். உடனே சமாதானம் சொல்லிவிடாமல், இரண்டு மூன்று இரவு அந்தக் கேள்வி வீட்டில் கிடக்கட்டும்.

எங்கே கெட்டுப்போகும்

ஜெபத்தைப் புகார்ப் பெட்டியாக்குவதுதான் முதல் கோளாறு. "ஆண்டவரே, இவன் இனிமேலாவது அம்மா பேச்சைக் கேட்கும்படி..." என்று தொடங்கும் ஜெபத்தில் பையன் கண்ணைத் திறந்து பார்ப்பான். பிள்ளைக்காக ஜெபிக்கும்போது நன்றி மட்டும் சொல்லுங்கள். குறையை நேரில் பேசிக்கொள்ளலாம்.

கட்டாய மன்னிப்பு அடுத்தது. "சாரி சொல்லு" என்றால் சொல்வான், பொய்யும் சேர்த்துப் பழகுவான். அதைவிட, கத்திய அப்பா மறுநாள் காலையில் "நேத்து நான் கத்துனது தப்பு கண்ணு, அடிக்கக் கை ஓங்கினதும் தப்பு" என்று சொல்வது வேலை செய்யும். "ஆனா நீயும்..." என்று தொடர்ந்தால் எல்லாம் போயிற்று. மன்னிப்பு முற்றுப்புள்ளியோடு முடிய வேண்டும். எபேசியர் 6:4 பிள்ளைகளைக் கோபப்படுத்த வேண்டாம் என்று பிதாக்களிடம்தான் சொல்கிறது.

பெண் பிள்ளைக்கு மட்டும் தாழ்மை, ஆண் பிள்ளைக்கு மட்டும் முட்டை என்ற பங்கீடு இருந்தால் பிள்ளைகள் வசனத்தை விட்டுவிட்டுத் தட்டைத்தான் நம்புவார்கள். பொரியலைக் கரண்டிக் கணக்கில் சமமாக வையுங்கள். அது சின்ன விஷயம் என்று தோன்றினால், ஒரு வாரம் தங்கைக்கு முதலில் பரிமாறிப் பாருங்கள், யார் முகம் மாறுகிறது என்று தெரியும்.

தாழ்மையின் பெயரால் அடியையும் குடிகாரனின் வசவையும் பொறுத்துக்கொள்ளச் சொல்லாதீர்கள். அது இந்தப் பாடமே அல்ல. பெண்களுக்கு உதவி எண் 181, பிள்ளைகளுக்கு 1098. பதினெட்டு முடியாத பெண்ணுக்கு வரன் பேசிவிட்டு, "பெரியவங்க சொல்றதுக்குக் கீழ்ப்படி" என்று வசனம் காட்டுவதும் இதே கணக்கில் வரும். அந்த 1098 எண்ணைப் பிள்ளைகளும் மனப்பாடமாக வைத்திருக்கட்டும்.

பன்னிரண்டு வாரம் முடிந்ததும்

வீட்டில் ஜெபிக்கிறார்களா என்று பார்க்காதீர்கள், நோட்டைப் பாருங்கள். எத்தனை வரி அடிபட்டது, எத்தனை வரி தேதி தள்ளித் தள்ளிப் போகிறது? ஒரு வரி மூன்று முறை தள்ளப்பட்டிருந்தால் பெரும்பாலும் தடை பணமாக இருக்காது, போய் நிற்க வெட்கமாக இருக்கும். அதற்கு ஒருவர் கூடப் போக வேண்டும். கணவனோ மனைவியோ மட்டும் விசுவாசத்தில் இருக்கிற வீட்டில் மற்றவரை ஜெபத்துக்கு இழுக்காதீர்கள், நோட்டுக்கு மட்டும் கூப்பிடுங்கள். கடனைத் திருப்பிக் கொடுக்க வேண்டாம் என்று எந்தச் சாமியும் சொல்வதில்லை, ஆகவே பெரும்பாலும் வருவார்கள். இரண்டாவது சுற்றை ஈஸ்டருக்கு முந்தின தவக்காலத்தில் தொடங்குவது வசதி. புளி தட்டுகிற வேலை நடக்கிற நேரம், தராசு வீட்டிலேயே இருக்கும்.